கை ராசியா? தண்ணீரா?

மதுரையில் பல வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வாசல் நிலைக்கு மேலே ஒரு சோற்றுக் கற்றாழை தலைகீழாகத் தொங்கும். கண் திருஷ்டி படாமல் இருக்கக் கட்டியது. அதற்கு மண் இல்லை. தண்ணீர் ஊற்றுவாரும் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. சில வீடுகளில் பூக்கூடப் பூத்துவிடுகிறது!

அதே வீட்டு மாடியில் ஒரு சின்னத் தொட்டி. அதில் ரோஜாப்பூவைப் போல இலைகள் அடுக்கடுக்காக விரிந்த செடி. ஆசையோடு காசு கொடுத்து வாங்கியது. தினமும் காலையும் மாலையும் தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் ஒரே மாதத்தில் அது அழுகிப் போகிறது.

உடனே வீட்டில் பேச்சுக் கிளம்புகிறது: "மருமகளுக்குக் கை ராசி இல்லை!"

இது அநியாயம். செடியைக் கொன்றது கை அல்ல. கையில் இருந்த செம்பு!

இலைதான் குடம்

இந்த வகைச் செடிகளுக்கு இலைதான் தண்ணீர்க் குடம். தடித்த இலைக்குள் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து மூச்சு விடும். இவை பகலில் மூடிக்கொண்டு, இரவில் திறக்கும். அதனால் நீர் வீணாவதில்லை. கற்றாழை அந்தரத்தில் தொங்கியும் வாழும் ரகசியம் இதுதான்.

குடம் நிறைந்திருக்கும்போது மேலும் மேலும் ஊற்றினால் என்ன ஆகும்? வேர் சேற்றில் மூச்சுத் திணறி அழுகும். பாசம் மிகுந்தவர்கள் வீட்டில்தான் இந்தச் செடி முதலில் சாகிறது!

மலையில் பிறந்தது

கடைகளில் அதிகம் விற்கும் ரோஜா வடிவச் செடிக்கு எச்செவேரியா என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோ நாட்டுச் செடிகளைப் படமாக வரைந்த ஓவியர் அதனாசியோ எச்செவெரியா. அவர் பெயரையே 1828-இல் இதற்கு வைத்தார்கள். இந்தச் செடிகளில் பெரும்பாலானவை மெக்சிகோ மலைகளில் பிறந்தவை. பகலில் நல்ல வெளிச்சம், இரவில் குளிர் - இதுதான் அவற்றுக்குப் பிடிக்கும்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே இது செழிக்கும். மதுரையோ கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். இரவிலும் புழுக்கம் தணியாது. மலையிலிருந்து ஆசையாக வாங்கி வந்த செடி மே மாதத்தில் சுருண்டு விழுந்தால், வளர்த்தவர் என்ன செய்வார்?

விற்கிறவர்கள் இதைச் சொல்லி விற்க வேண்டும். வாங்குகிறவர்களும், "இது நம் ஊர் வெயிலைத் தாங்குமா?" என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை.

மதுரைக்கு ஏற்றது எது?

சோற்றுக் கற்றாழையே ஏற்றது. அதுவும் வெளியூர்ச் செடிதான், பூர்வீகம் அரேபியா. ஆனால் நம் வெயிலோடு பழகிவிட்டது. சும்மா கிடைக்கிறது என்பதால் அதை மட்டமாக நினைப்பது தவறு. நல்ல தொட்டியில் வைத்துப் பாருங்கள். அதன் அழகு தெரியும். வெயில் குறைந்த வீட்டுக்கு, தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஹவொர்த்தியா நல்லது. அது சன்னல் ஓரத்து வெளிச்சத்திலேயே வளரும்.

வளர்ப்பது எப்படி?

அடியில் ஓட்டை உள்ள மண் தொட்டி வேண்டும். கடம் செய்வதில் பேர் பெற்ற மானாமதுரை பக்கத்திலேயே இருக்கிறது. மண் தொட்டிக்கா பஞ்சம்?

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் இதற்கு ஆகாது. அது ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும். செம்மண்ணோடு உடைத்த செங்கல் துண்டுகளைச் சரிபாதி கலந்தால் போதும்.

ஒரு குச்சியை அடிவரை குத்தி எடுங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். இலைகளின் நடுக் குருத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது.

உச்சி வெயிலில் நிழல் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள்.

அடி இலை மஞ்சளாகிக் கொழகொழவென்று உதிர்ந்தால் தண்ணீர் அதிகம். இலை சுருங்கினால் தாகம். அழுகல் தொடங்கிவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். அழுகிய பாகம் துளியும் இல்லாமல் வெட்டி, நல்ல பாகத்தை நான்கு நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த மண்ணில் நட்டால் பிழைக்க வழி உண்டு. கற்றாழைக்கு இன்னும் எளிது. பக்கத்தில் முளைக்கும் கன்றைப் பிரித்து வைத்தால் போதும்.

இதில் ராசிக்கு எங்கே இடம்? வெயில், மண், தண்ணீர் - இந்த மூன்றும்தான் கணக்கு. அடுத்த முறை ஒரு செடி வாடினால், வீட்டுப் பெண்ணின் கையைக் குறை சொல்வதற்கு முன், தொட்டி மண்ணில் ஒரு விரலை வைத்துப் பாருங்கள்!