சாம்பலில் கரையும் புள்ளி

மே மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை உலக டிஜிட்டல் அணுகல் விழிப்புணர்வு நாள். 2012 முதல் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். டிஜிட்டல் வசதிகளை எல்லாரும் பயன்படுத்த முடிவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. அடையாளச் சரிபார்ப்புக்காகக் கண் சிமிட்டச் சொல்லும் கேமராவின் முன்னால் பார்வையற்றவர்களும் அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களும் தவித்ததால் வந்த வழக்கு அது. விரிவாக எழுத வேண்டிய தீர்ப்புதான். ஆனால் காசு செலவில்லாமல் சரிசெய்துவிடக்கூடிய வேறொரு தீங்கு இந்த வாரம் முழுக்க என்னைக் கோபப்படுத்திக்கொண்டே இருந்தது: வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் எழுத்து.

இணையப் பக்கத்தில் எழுத்துக்கு நிறம் கொடுக்க ஒரு ஹேஷ் குறியும் ஆறு இலக்கங்களும் போதும். இரண்டிரண்டாகப் பிரித்தால் சிவப்பு, பச்சை, நீலம். பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறை என்பதால் 9க்கு அப்புறம் ஏ முதல் எஃப் வரை வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். மூன்றும் சமமானால் சாம்பல். சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது 2008இல் வெளியான உலகளாவிய அணுகல் நெறிமுறை. வெள்ளையின் மேல் #767676 அதில் தேறும். அடுத்த படியான #777777 தோற்றுவிடும். தேதிக்கும் படக்குறிப்புக்கும் சர்வசாதாரணமாகப் போடப்படும் #999999 எட்டுவது 2.85 மட்டுமே. நிறம் பளிச்சென்று இருந்தால் போதும் என்றும் நினைக்க முடியாது. தேசியக் கொடியின் பச்சைக்கு வழங்கும் #138808 வெள்ளையில் 4.6 பெற்றுத் தேறுகிறது. காவிக்கு வழங்கும் எஃப்எஃப்9933 ஏறக்குறைய 2.1இல் நின்றுவிடுகிறது. 4.5 என்ற எண்ணும் சும்மா வந்ததல்ல. எண்பது வயதை ஒட்டியவர்களிடம் பொதுவாகக் காணப்படும் 6/12 பார்வையைக் கணக்கில் வைத்துத்தான் அதை வகுத்தார்கள்.

ஆனால் தமிழுக்கு அந்த 4.5 போதாது என்பதே என் வாதம். நம் எழுத்தில் பொருளைச் சுமப்பது பல இடங்களில் ஒரு புள்ளி. அது கரைந்தால் பல் பல ஆகிவிடும். திரையில் மெல்லிய கோட்டின் ஓரங்களை மென்மையாக்க எழுத்து நிறத்தையும் பின்னணி நிறத்தையும் கலந்து காட்டுவார்கள். ஆகவே சின்னப் புள்ளி, கொடுத்த நிறத்தைவிட இன்னும் வெளிறித்தான் கண்ணுக்கு வந்து சேரும். புள்ளியில்லாமல் படிப்பது எவ்வளவு பாடு என்பதற்கு ஓலைச்சுவடிகளே சாட்சி. ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. அந்தப் புள்ளி இல்லாமல், எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தபோது புள்ளியை நம்பவில்லை. நெடிலுக்குக் கோடும் சுழியும் சேர்த்தார். எழுத்தாணி கீறியதும் ஓலையில் எழுத்து இருக்கும், கண்ணுக்குத் தெரியும் நிறம் இருக்காது. கரியைக் குழைத்துத் தடவித் துடைத்து, கீறலில் மட்டும் கறுப்பைத் தங்கவைத்தார்கள். அதற்கு மையாடல் என்று பெயர். எழுதியது படிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே தனியாக ஒரு வேலை செய்தவர்கள் அவர்கள். ஓலைக்குப் பின் வந்த அச்சிலும் அப்படித்தான். எங்கள் வத்தலக்குண்டில் பிறந்த ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் நாவல் 1893இல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வரத் தொடங்கியது. அன்றைய அச்சகத்தில் மை மங்கிப்போனால் அது குறை. இன்றோ மங்கலை நாமே எண் கொடுத்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

தூய கறுப்பும் தூய வெள்ளையும் சேர்ந்தால் கண் கூசுகிறது என்று வடிவமைப்பவர்கள் சொல்வார்கள். சிலருக்கு அது உண்மைதான், தள்ளிவிட முடியாது. ஆனால் கூச்சத்தைக் குறைக்க #333333 போதும். விகிதம் அப்போதும் 12.6. முக்கியமல்லாததை மங்கலாகக் காட்டினால்தானே தலைப்பு எடுபடும் என்ற கேள்வியும் உண்டு. அளவு, தடிப்பு, இடைவெளி என்று அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் யார் கண்ணையும் தண்டிப்பதில்லை. தவிர, முக்கியமல்ல என்று ஒதுக்கப்படும் வரிகளைப் பாருங்கள்: விண்ணப்பத்தின் கடைசி நாள், கட்டணத்துக்குக் கீழே வரும் நிபந்தனை, மாத்திரையை எப்போது விழுங்குவது என்ற குறிப்பு. வேண்டுமென்றால் படிப்பவர் கைபேசியில் அமைப்பை மாற்றிக்கொள்ளட்டும் என்பதுதான் எனக்கு ஒப்பவே ஒப்பாத பதில். அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் மெனுவையும் அதே கண்ணால்தானே தேட வேண்டும்? தமிழ்ப் பக்கம் செய்பவர்கள் வெள்ளையின் மேல் #595959ஐவிட வெளிறிய சாம்பலில் ஒரு சொல்லையும் எழுத வேண்டாம். அதில் விகிதம் 7க்கு 1. அதே நெறிமுறையின் உயர்நிலை கேட்பதும் அதுதான். படிவத்தின் கட்டத்துக்குள் வரும் மாதிரி எழுத்தையும் சேர்த்தே கேட்கிறேன். பிறந்த தேதியில் நாள் முதலிலா மாதம் முதலிலா என்று சொல்வது அந்த எழுத்துதான்.