சேவைக்குப் போட்டோ ஆதாரம் உண்டா?

போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு விழாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஊருக்கு உழைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விருதாம். அழைப்பிதழில் காலை 10 மணி. சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியது 12.20க்கு. அதுவரை பதினோரு பிள்ளைகள் யூனிஃபார்மில், முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்ததும் விருந்தினருக்குப் பொன்னாடை. பிறகு பொன்னாடை போட்டவருக்கு ஒரு பொன்னாடை. பிறகு மைக்செட்காரர் நீங்கலாக மேடையில் நின்ற எல்லோருக்கும். பிள்ளைகளைக் கூப்பிடும்போது விருந்தினர் அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பியாகிவிட்டது. ஒரு பெண்ணின் கையில் வேறொருத்தி பெயர் எழுதிய சான்றிதழ். “போட்டோவுக்கு இப்போ இதையே பிடிச்சுக்கம்மா, அப்புறம் மாத்திக்கலாம்” என்றார் விழா நடத்திய பேட்டை சங்கத்தின் செயலாளர்.

“இப்படி நாலு பேர் கௌரவிச்சாத்தான் சார் பசங்களுக்கு ஊக்கம் வரும்” என்று பக்கத்து நாற்காலிக்காரர் என் காதில் ஓதினார்.

ஊக்கமா? சொல்கிறேன்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் பணத்தைக் கொட்டி வீடு வாங்கிய புத்திசாலிகளில் நானும் ஒருவன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, ஆவின் பால் கண்ணில் படவில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரின் மகனுக்கு அப்போது பதினாறு வயது. பெரிய தெர்மாகோல் அட்டை இரண்டைத் துணிக்கொடிக் கயிற்றால் கட்டி, அதன்மேல் தண்ணீர் கேனும் பால் பாக்கெட்டும் ஏற்றி, மார்பளவு சாக்கடைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தான். எங்கள் மூன்றாம் மாடியில் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு பாட்டி உண்டு. அவருடைய மருந்துச் சீட்டை வாயில் கவ்விக்கொண்டு போய் மருந்தோடு திரும்பி வந்தான். இப்படி நான்கு நாள். இத்தனைக்கும் அவன் வீட்டிலேயே இடுப்பளவு தண்ணீர். எந்த ஷீல்டு அவனுக்கு ஊக்கம் கொடுத்தது?

ஞாயிற்றுக்கிழமை மேடையில் இஸ்திரிக்காரர் மகன் இல்லை. ஏன் இல்லை என்று விசாரித்தால், அவன் விண்ணப்பிக்கவில்லையாம்! விருதுக்குப் பயோடேட்டா வேண்டும், தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும், சேவை செய்யும்போது எடுத்த போட்டோ ஐந்து வேண்டும். சாக்கடைக்குள் இறங்குகிறவன் ஒரு கையில் பாலும் மறு கையில் செல்ஃபி ஸ்டிக்கும் பிடித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. மேடையேறிய பதினோரு பேரில் ஏழு பேரின் ஆதாரம், ஒரே வேப்பங்கன்றைச் சுற்றி நின்று எடுத்த ஒரே போட்டோ. அந்தக் கன்று இப்போது இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

பேட்டை சங்கத்தை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் கையால் தரப்படும் மாநில இளைஞர் விருது இருக்கிறது. 15 முதல் 35 வயது வரை, ஒரு லட்சம் ரூபாய். அதற்கும் நாமேதான் விண்ணப்பிக்க வேண்டும், ஆதாரங்களை நாமேதான் அடுக்க வேண்டும். நான் நல்லவன் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. இஸ்திரிக்காரர் மகன் அப்படி எழுதிக் கொடுத்தால் அவன் அப்பாவே சிரிப்பார்.

பரிசு ஊக்கம் கொடுக்குமா என்று 1973இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. படம் வரையப் பிடித்த மழலைப் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய பரிசுச் சான்றிதழ் உண்டு என்று ஆசை காட்டி, சொன்னபடியே கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் வரைவது மற்றவர்கள் வரைவதில் பாதியாகக் குறைந்துவிட்டிருந்தது. நாலு வயதுக் குழந்தையும் பதினாறு வயதுப் பையனும் ஒன்றா என்பீர்கள். அறுபது வயதுக்காரர்கள் பொன்னாடைக்கு முண்டியடித்ததை நான் ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். வயது ஒரு பொருட்டே இல்லை.

கல்லூரியிலும் இதே கதைதான். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கினார்கள். கல்லூரிப் பிள்ளை இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும், ஏழு நாள் முகாம் போக வேண்டும். நல்ல திட்டம்தான், முகாமில் முதல்முறையாகச் சாணி மிதித்த நகரத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் மணிக்கணக்கு வந்ததும் கணக்குப்பிள்ளையும் வந்துவிட்டான். அமைச்சர் வந்தால் நாற்காலி போடுவது சேவை, பேரணியில் ஹெல்மெட் போடச்சொல்லும் அட்டையைப் பிடித்து வெயிலில் நிற்பது சேவை, கூட்டம் சேராத கூட்டத்தில் கூட்டமாக உட்காருவது மகா சேவை. விழாவில் ஓர் அம்மா செயலாளரிடம் கேட்டார்: “நாப்பது மணி நேரம்னு தனியா ஒரு லெட்டர் கிடைக்குமா சார்? பையன் கனடாவுக்கு அப்ளை பண்றான்.” மரம் நட்டது வேளச்சேரிக்காக இல்லை, டொரண்டோவுக்காக.

கணக்கில் வராத சேவை வேண்டுமா? சாவு வீட்டைப் பாருங்கள். உயிர் போன அரை மணி நேரத்தில் ஐஸ்பெட்டிக்கு ஒருவன் பைக்கை எடுக்கிறான், ஒருவன் நாற்காலிக்கும் சாமியானாவுக்கும் ஓடுகிறான், ஒருவன் டீக்கடைக் கேனைத் தூக்கிவருகிறான். யார் அனுப்பியது? நேற்றுவரை நாம் ‘செல்போனும் கையுமா உருப்படாம சுத்துது’ என்று திட்டிய அதே பசங்கள். பதிமூன்று வயதில் தம்பிக்குச் சோறு பொங்கிவைத்து, தாத்தாவுக்கு மூத்திரப் பை மாற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளை தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள். அதற்குப் பெயர் சேவை இல்லையாம், வீட்டு வேலையாம்.

மிக்ஜாமுக்கு இரண்டே வாரம் கழித்துத் தூத்துக்குடிச் சீமை மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நகர முடியாமல் நிற்க, அதில் சிக்கியவர்களுக்குப் பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள் இருந்த அரிசியை வைத்துப் பொங்கிப் போட்டார்கள். அவர்களிடம் யாரும் பயோடேட்டா கேட்டதாக நான் படிக்கவில்லை.

பாராட்டவே கூடாதா என்று கேட்காதீர்கள். அந்த நாலு நாளுக்குப் பிறகு இஸ்திரிக்காரர் மகனுக்குக் காலில் சேற்றுப்புண் வந்து ஒரு வாரம் நொண்டினான். அவனுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கித்தர எங்கள் 48 வீட்டுக் குடியிருப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை ஷீல்டு ஒன்று 650 ரூபாய் என்று செயலாளரே சொன்னார்.

விழா முடிந்து சாம்பார் சாதம் வாங்க வரிசையில் நின்றபோது அவரிடம் இந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். உருகிவிட்டார். “அடடா, மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு பயோடேட்டா கொடுக்கச் சொல்லுங்க. அஞ்சு போட்டோவும்.”

மறுநாள் காலை வண்டியருகே போய் அவனிடம் சொன்னேன். தண்ணீர் தெளித்துச் சட்டைக் காலரைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டான்.

“சட்டை ஆறு, பேன்ட் நாலு சார். சாயங்காலம் வாங்கிக்குங்க.”