சரளி வரிசையும் கிட்டாரும்



மாலை வேளையில் கிங்ஸ் சர்க்கிள் தொடர்வண்டி நிலையத்திலிருந்து சண்முகானந்தா அரங்கம் நோக்கி நடந்தால், ஒரு வீட்டில் சரளி வரிசை பாடும் குரல் கேட்கும். மற்றொரு வீட்டில் கிட்டார் ஒலிக்கும். அவ்வரங்கத்தை நடத்தும் சபை 1952இல் தோன்றியது; இசைப்பள்ளியும் நடத்துகிறது. ஆதலின் இப்பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு புதிதன்று. ஆனால் இன்று உங்களுள் பலர் விரும்புவது கிட்டாரையே. “பாட்டா, கிட்டாரா? ஒன்றைத் தேர்ந்தெடு” என்று வீடுகளில் வழக்கு எழுகிறது. அவ்வழக்கே வேண்டாதது என்பது என் கருத்து.

கிட்டார் ஆசிரியர் தொடக்கத்தில் தருவது ‘ஸ்கேல்’ எனப்படும் சுர வரிசை. அது சலிப்பூட்டுகிறது என்று நீங்கள் முறையிடுகிறீர்கள். விரல் மட்டும் ஓடச் செவி உறங்கினால் சலிப்பு வராமல் என்ன செய்யும்? பாட்டு வகுப்பிலோ சுரத்தின் பெயரைச் சொல்லி, கையால் தாளமிட்டு, மூன்று காலங்களிலும் பாடுகிறோம். புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் இம்முறையைக் கிட்டாருக்கும் கொள்ளலாம்.

முதலில் ஒரே கம்பியில் தொடங்குங்கள். வீணையில் மெட்டு என்பதைக் கிட்டாரில் ‘ஃபிரெட்’ என்பர். கம்பியை அழுத்தாமல் மீட்டினால் அது சட்சம். பின்னர் 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய மெட்டுகளை வரிசையாக அழுத்தினால், மேல் சட்சம் வரை மாயாமாளவகௌளை, கமகமின்றி, கிடைத்துவிடும். எந்தச் சுரம் அடுத்ததற்கு அருகில் உள்ளது, எது மூன்று மெட்டு தள்ளி நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். ஆறு கம்பிகளிலும் தாவித் தாவி வாசிப்போர் இதைக் காண்பதில்லை. ஒவ்வொரு சுரத்தையும் வாயால் பாடிய பின்னரே மீட்டுங்கள். குரல் இனிமையாக இல்லையே என்று நாணவேண்டா; கேட்கப்போவது உங்கள் செவிதான்.

காலப் பயிற்சியில்தான் பலரும் தவறுகிறார்கள். தாளத்தின் வேகம் மாறலாகாது. முதற்காலத்தில் ஓர் அடிக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. நான்கையும் தடுமாறாமல் வாசிக்கக்கூடிய வேகத்தை முன்னரே தேர்ந்துகொண்டு, அவ்வேகத்திலேயே முதற்காலத்தைத் தொடங்கவேண்டும். அப்போது முதற்காலம் ஆமை நடையாக இருக்கும். இருக்கட்டும். விரைவைக் காட்டி நண்பனை வியக்கவைக்கும் ஆசையே பிழையை விரலில் பதித்துவிடுகிறது. பதிந்த பிழையை அழிப்பது புதிதாகக் கற்பதினும் கடினம்.

அடுத்தது ஜண்டை வரிசை. ஸஸ ரிரி என இரட்டித்து வரும்போது இரண்டாம் சுரத்தை அழுத்திப் பாடுவது வழக்கம். கிட்டாரில் முதற் சுரத்தைக் கீழ்நோக்கியும் இரண்டாவதை மேல்நோக்கியும் மீட்டுங்கள். மேல்நோக்கிய மீட்டு இயல்பாகவே மெலிந்து ஒலிக்கும். அதற்கு வலுவூட்ட இதனினும் நல்ல பயிற்சி எனக்குத் தோன்றவில்லை. (சிறு வயதில் வீணை கற்றபோது ஜண்டை வரிசையை அரைகுறையாகத் தாண்டியவள் நான். அந்தக் குறை இன்றும் என் விரலில் உள்ளது.)

‘மேனாட்டுக் கருவிக்கு நம் பாடமா?’ என்று பெரியோர் சிலர் கேட்பர். வயலினும் அவ்வாறு வந்ததே. பாலுசுவாமி தீட்சிதர் அதை ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குக் கொணர்ந்தார். மாண்டலினில் யு. சீனிவாஸும் கிட்டாரில் பிரசன்னாவும் கீர்த்தனைகளை வாசித்துக் காட்டியுள்ளனர்.

ஓரறை வீட்டில் பயிற்சி செய்ய இடமேது என்பது நியாயமான கேள்வி. ஒலிபெருக்கி இல்லாத கிட்டாரின் ஒலி சிறியது. இருபது நிமிடப் பயிற்சியை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்வர். எல்லாரும் உறங்கிய பின், மீட்டாமல் இடக்கை விரல்களை மட்டும் மெட்டுகளில் நகர்த்திப் பழகலாம். சுரத்தை மனத்துக்குள் பாடிக்கொள்ளுங்கள்.

இனி ஒரு சிறு சோதனை. அதே கம்பியில் ரிஷபத்தை 1ஆம் மெட்டிலிருந்து 2ஆம் மெட்டுக்கும், தைவதத்தை 8இலிருந்து 9க்கும் நகர்த்துங்கள். பிற சுரங்களைத் தொடவேண்டா. இப்போது ஒலிப்பது சங்கராபரணம். கிட்டார் ஆசிரியர் ‘மேஜர் ஸ்கேல்’ என்று முதல் நாள் எழுதித் தந்ததும் அதே வரிசைதான். பாட்டு வகுப்புக்குப் போகும் தங்கையை அருகில் அமர்த்தித் தாளம் போடச் சொல்லுங்கள். அவள் பாடட்டும், நீங்கள் வாசியுங்கள்.