குடிவழியும் மனநோயும்

பழைய மாணவர் சங்கத்தார் இம்மலருக்குக் கட்டுரை வேண்டியபோது, தமிழாசிரியரிடமிருந்து இலக்கிய நயம் ஒன்று வரும் என்றே எண்ணியிருப்பர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின் அவ்வாரத்திலே எம் பழைய மாணவர் ஒருவரின் தந்தையார் எம் இல்லம் தேடி வந்து கூறிய செய்தி எம் எண்ணத்தை மாற்றிவிட்டது.

அம்மாணவர் உயர்தர வகுப்பிலே எம்மிடம் தமிழ் பயின்றவர்; வெண்பா யாப்பதில் வல்லவர். பத்தொன்பதாம் வயதில், எவரோ மறைவில் நின்று தம்மைப் பழித்துப் பேசுவது காதில் விழுகின்றதென்று சொல்லத் தொடங்கினார். ஸ்கிசோபிறீனியா எனப்படும் மனச்சிதைவு நோய் என்று வைத்தியர் கண்டனர். இன்று ஒழுங்காக மருந்துண்டு, ஒரு கடையிலே கணக்கெழுதி வருகின்றார். தந்தையார் வந்தது அவர் பொருட்டன்று. அவருடைய தங்கையின் பொருட்டு. சாதகம் பொருந்தி நாளும் குறித்தபின், குடிவழியிலே விசர் உண்டென்று கேள்வியுற்ற மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டனராம். “எங்கட இரத்தத்திலை அப்பிடி என்ன பிழை, மாஸ்ரர்?” என்று அவர் கேட்டார். உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. எம்முடன் கற்பிக்கும் உயிரியல் ஆசிரியரை அணுகி, அவர் தந்தவற்றைப் படித்து, விளங்காதவற்றைக் கேட்டறிந்து எழுதுவதே இக்கட்டுரை.

மாப்பிள்ளை வீட்டார் கூறியது முழுப் பொய்யன்று என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பொதுவாக நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் வாழ்நாளில் வருகின்றது. தாயோ தந்தையோ நோயுற்றவராயின், பிள்ளைகளுள் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் வருகின்றது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருள் ஒருவர் நோயுற்றால் மற்றவர்க்கும் வருதல் நூற்றுக்கு 40 முதல் 50 வரையாகும். வளர்ப்பினாலே வந்ததன்றோ எனின், 1968 இல் சீமோர் கெற்றி முதலியோர் டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு அதனை மறுத்தது. நோயுற்ற தத்துப் பிள்ளைகளின் பெற்ற குடும்பத்திலேயே இவ்வகை நோய் மிகுந்து காணப்பட்டது, வளர்த்த குடும்பத்திலன்று.

ஆனால் அக்கணக்கையே மறுபுறம் திருப்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்? பரம்பரையலகுகள் முழுவதும் ஒத்த இரட்டையருள்ளும் பாதிப்பேருக்கு மேல் தப்பிவிடுகின்றனர். நோயாளரின் பிள்ளைகள் பதின்மரில் ஒன்பதின்மர் நலமே வாழ்கின்றனர். நோயுற்றோரிற் பெரும்பாலாருக்கோ தாய் தந்தையர் இருவரும் நோயற்றவர்களே. நம் வழக்குக்கு வருவோம். மணப்பெண் நோயாளரின் தங்கை. அவள் வயிற்றிற் பிறக்கும் பிள்ளைக்கு வரக்கூடியது நூற்றுக்கு மூன்று நான்கு என்பதே கணக்கு. இதற்காகவா நாள் குறித்த கல்யாணத்தை நிறுத்துவது?

‘விசர்ப் பரம்பரையலகு’ என்று தனியே ஒன்று இருப்பதாக நினைப்பதே பிழைக்கெல்லாம் வேர். 2022 இல் வெளிவந்த பேராய்வொன்று, எழுபத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரை நோயற்ற இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருடன் ஒப்பிட்டு, இந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களை நிறமூர்த்தங்களிலே கண்டது. ஒவ்வோரிடத்திலும் உள்ள வேறுபாடு தரும் ஆபத்து மிகச் சிறிது. அத்தகைய வேறுபாடுகளுட் சிலவேனும் இல்லாத மனிதர் இலர். விலகிச் சென்ற மாப்பிள்ளை வீட்டாரும் இதற்கு விலக்கல்லர். இருபத்திரண்டாம் நிறமூர்த்தத்தில் ஒரு சிறு துண்டு அற்றுப்போதல் போன்ற அரிய குறைபாடுகள் வேறு. அவை உடையாருள் நால்வரில் ஒருவருக்கு இந்நோய் வரலாம். அவை மிகச் சிலருக்கே உரியன.

அவ்விடங்களுள் ஒன்று எம்மை வியப்பில் ஆழ்த்தியது. ஆறாம் நிறமூர்த்தத்தில் சி4 என்னும் பரம்பரையலகு உண்டு. நோய்க்கிருமிகளை ‘அகற்றுக’ என்று குறியிட்டுக் காட்டுவது அதன் வேலை. அதுவே மூளையிலும் வேலை செய்கின்றதென 2016 இல் அமெரிக்காவில் ஸ்ரீவன் மக்கரல், பெத் ஸ்ரீவன்ஸ் ஆகியோரின் குழுவினர் கண்டனர். குழந்தைப் பருவத்தில் நரம்புக்கலங்களுக்கிடையே இணைப்புகள் தேவைக்கு மேல் செறிந்து வளர்கின்றன. திராட்சைக் கொடியைக் கத்தரித்து விடுவதுபோல, வளரிளம் பருவத்தில் மூளை அவற்றுட் பலவற்றைத் தானே கழிக்கின்றது. சி4 இன் படிகள் ஆளுக்காள் எண்ணிக்கையிலும் வகையிலும் வேறுபடும். ஒருவகைப் படி மிகுந்தோரிடத்தில் இக்கத்தரிப்பு அளவு கடந்துவிடுகின்றது போலும் என்பது அவர்கள் கருத்து. நோய் ஏன் பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையிலே தலைகாட்டுகின்றது என்பதற்கு இஃது ஓரளவு விளக்கமாகும். ஆயினும் இவ்வகையால் ஏறும் ஆபத்து, மிகக் குறைந்தாரோடு ஒப்பிட, ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கே. 1944–45 இல் ஒல்லாந்திலே பஞ்சக் குளிர்காலத்திற் கருவானோருக்கு இந்நோய் இருமடங்காயிற்று என்பதையும் பக்கத்திலே வைத்துப் பார்க்க.

இரத்தத்தின்மேற் பழி போட்டவர்கள் எங்கே சென்று முடிந்தார்கள் என்பதற்கு ஜெர்மனி சான்று. 1933 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரை மலடாக்கினர். மனச்சிதைவு நோயாளர் அவருட் பலர். 1939 முதல் நோயாளரைக் கொல்லவும் தலைப்பட்டனர். இத்தனைக்குப் பின்னும், போர் முடிந்தபின் பிறந்த தலைமுறையில் அந்நோய் அங்கே ஒழிந்துவிடவில்லை. பின்னர் 1948 இல் பிறீடா புறொம்–றைக்மன் என்னும் அமெரிக்க வைத்தியர் தாயின் வளர்ப்பையே காரணமாகக் காட்டினார். பல்லாண்டு காலம் அன்னையர் அப்பழியைச் சுமந்தனர். இரத்தம் இல்லையேல் தாய். யாரையேனும் குற்றவாளியாக்காமல் உலகம் ஆறுவதில்லை.

நம்மிடையே அப்பழிக்கு அஞ்சி வீடுகள் வாய் மூடிக்கொள்கின்றன. தங்கையின் கல்யாணம் முடியட்டும் என்று தமையனை ஓராண்டு ஈராண்டு அறைக்குள்ளே வைத்திருப்பதை யாம் அறிவோம். மருந்து பிந்தப் பிந்தக் குணமாதலும் அரிதாகின்றது. பெண் கேட்க வருவோர் குடிவழியைத் துருவுவது வெறும் அறியாமை மட்டுமன்று; அது நோயாளருக்கு நேரே செய்யும் தீங்கு என்பதே எம் துணிபு.

ஆசிரியராகிய எமக்கும் இதிற் பங்குண்டு. அம்மாணவர் நோய் வெளிப்படுவதற்கு முந்திய தவணையிலே நண்பரை விட்டு ஒதுங்கினார். உறக்கமின்றிச் சிவந்த கண்களோடு வந்தார். கட்டுரைகளை இடைநடுவில் விட்டார். யாம் சோம்பலென்று வகுப்பின் முன்னே கடிந்தோம். வீட்டாரை அழைத்துப் பேசியிருக்கலாம்.

தந்தையார் மறுமுறை வந்தபோது, மேலே கூறிய கணக்குகளை எடுத்துச் சொன்னோம். தாளிலே எழுதித் தருமாறு கேட்டார். அடுத்து வரும் சம்பந்தக்காரருக்குக் காட்டுவதற்காம். காட்டவேண்டிய நிலை உமக்கு ஏன் வந்தது என்று கேட்க எமக்கு வாய் எழவில்லை. எழுதிக் கொடுத்தோம்.