பரண் ஏறுவோர் கவனத்துக்கு

உலர் வலயத்திலே சேனையும் வயலும் விளைந்து நிற்கும் காலம் வந்துவிட்டால், யானைக்கும் பன்றிக்கும் காவலாக மரத்தின்மேற் பரண் அமைத்து இரவெல்லாம் விழித்திருத்தல் நம் நாட்டு உழவரிடையே இன்றும் உள்ள வழக்கமாகும். சங்கப் புலவர் இதணம் என்று கூறியதும் இத்தகைய காவற்பரணையே. தினைப்புனங் காத்த குறமகளின் கதையை நாம் சுவைத்துப் படிக்கின்றோம். ஆனால் அப்பரணில் ஏறுவதும் இறங்குவதும் எவ்வாறு என்று சிந்திப்பவர் சிலரே. யானைக்கு அஞ்சி மரமேறியவன் மரத்தினின்று வீழ்ந்து முதுகெலும்பு முறிந்து கிடப்பானாயின், காத்த பயிரால் அவன் குடும்பத்துக்கு விளையும் பயன் யாது?

இவ்விடயத்தில் அமெரிக்க நாட்டு மான் வேட்டைக்காரரிடமிருந்து நாம் அறியத்தக்கன பல உள. அவர்கள் 15 அடி, 20 அடி உயரத்தில் மரத்தோடு சிறு தட்டொன்றைப் பிணைத்து, மான் வரும்வரை அதிற் காத்திருப்பர். ஏறுவதற்குப் படி பொருத்திய தடிகளை ஒன்றன்மேலொன்றாக மரத்தில் வரிந்து கட்டுவோரும், திருகாணிப் படிகளை மரத்திலே முறுக்கி ஏற்றுவோரும் உளர். இவ்வாறு ஏறி வீழ்ந்தோர் பலராதலின், பட்டறிந்து சில விதிகளை வகுத்துக்கொண்டனர். அவை நம் பரணுக்கும் பொருந்துவனவே.

முதலாவது விதி, கால் நிலத்தை விட்டெழுந்த கணம் முதல் மீண்டும் நிலத்தை மிதிக்கும் வரை உடல் மரத்தோடு பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பதாம். பரணில் அமர்ந்த பின்னரே கயிற்றைக் கட்டிக்கொள்வோம் என்பது பெருந் தவறு. ஏறும்போதும் இறங்கும்போதும், சிறப்பாகப் படியிலிருந்து தட்டுக்குக் காலை மாற்றும்போதுமே ஆபத்து மிகுதி. ஆதலின் பரணுக்கு மேலே மரத்திற் கட்டிய உறுதியான கயிறொன்றை அடிவரை தொங்கவிட்டு, அதில் ஒரு சுருக்கு வளையத்தை இட்டு, அதனோடு தம்மைப் பிணைத்துக்கொள்வர். கையால் தள்ளினால் அச்சுருக்கு நகரும். பாரம் விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். 1931ஆம் ஆண்டில் ஒஸ்திரிய மலையேறியான கார்ல் புரூசிக் என்பார் இதனை விளக்கியமையால், அது அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இரண்டாவது, இடுப்பில் மட்டும் கயிறு கட்டுதல் போதாது. வீழ்ந்தவனை அக்கயிறு வயிற்றிலும் மார்பிலும் இறுக்கி மூச்சைத் தடுக்கும். அன்றித் தலைகீழாகக் கவிழ்த்தும் விடும். தோளையும் மார்பையும் தொடைகளையும் சேர்த்துத் தாங்கும் முழுவுடற் பட்டியே தக்கது. எனினும் அதிலும் அசையாது நெடுநேரந் தொங்கினால் கால்களில் இரத்தந் தேங்கி, மயக்கமும் சிலவேளை மரணமும் நேரலாம். காலை ஊன்றி எழும்புதற்கு ஒரு கயிற்று வளையத்தை மடியில் வைத்திருத்தல் நன்று.

மூன்றாவது, இரு கையும் ஒரு காலும், அன்றி இரு காலும் ஒரு கையும் எப்போதும் பிடியில் இருத்தல் வேண்டும். கையில் விளக்கும் தேநீர்ப் போத்தலும் கொண்டு ஏறுதல் கூடாது. மேலேறிய பின் அவற்றைக் கயிற்றில் இழுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, ஏறுமுன் படிகளைச் சோதித்தல். மரத்தில் அறைந்த ஆணி மழையில் துருப்பிடிக்கும். மரம் காற்றில் ஆடுந்தோறும் கட்டை தளரும். சென்ற போகத்தில் தாங்கிய படி இப்போகத்திலும் தாங்கும் என்பதற்கு உறுதி யாது? பட்ட மரத்திலும் உளுத்த கொம்பிலும் பரண் கட்டலாகாது. மழையும் இடியும் உள்ள வேளையில் ஏறாதிருத்தலே அறிவுடைமை.

பட்டிக்குப் பணம் எங்கே என்று சிலர் வினவுவர். உயரமான கட்டடங்களில் வேலை செய்வோர் அணியும் பட்டியே இதற்கும் உதவும். தனியொருவனால் இயலாதாயின், கமக்காரர் அமைப்புகள் பொதுவாகச் சில வாங்கி, காவற்காலத்தில் முறைவைத்துக் கொடுக்கலாமன்றோ? நைந்த பட்டியையும், ஒருமுறை வீழ்ந்தவனைத் தாங்கிய பட்டியையும் மீண்டும் அணியலாகாது என்பதை மட்டும் மறத்தலாகாது.

இல்லத்தரசியரும் இதில் ஆற்றவேண்டிய கடன் உண்டு. கணவனோ மகனோ எம்மரத்துக்குப் போகிறான், எந்நேரம் திரும்புவான் என்பதைக் கேட்டு வையுங்கள். கைத்தொலைபேசி அவன் சட்டைப்பையில் உளதா என்றும் பாருங்கள். குறித்த நேரத்தில் வாரானாயின் விடியட்டும் என்று இராது, துணையோடு தேடப் புறப்படுங்கள். வீழ்ந்து கிடப்பவனைக் கண்டால், பதற்றத்தில் தூக்கி நிறுத்தவோ கழுத்தை அசைக்கவோ வேண்டாம். முள்ளந்தண்டு முறிந்திருப்பின் அத்தூக்கலே அவனை முடமாக்கும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் காவுவண்டி கிடைக்கும்.

சிறு பிராயம் முதல் ஏறிப் பழகிய மரந்தானே என்று அலட்சியஞ் செய்வோரும் உளர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் மொழி. ஆனையைக் காவல் செய்யப் போகின்றவன் அதனை மறவாதிருப்பானாக.