ஜெயித்த ஆட்டத்தை மறுபடியும் ஆடுவானேன்?

ஒருவன் ஓர் ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டான். ஜெயித்தும்விட்டான். கெட்டவர்கள் ஒழிந்தார்கள், கதை முடிந்தது. அதற்குப் பிறகும் அதே ஆட்டத்தை முதலில் இருந்து தொடங்குகிறான். அவனை என்னவென்று சொல்லுவது?

"வேலை அற்றவன்" என்பார் அப்பா. "கண் கெட்டுப்போகும்" என்பார் அம்மா. "பாடப் புத்தகத்தை இப்படி இரண்டு தடவை படித்தாயா?" என்று கேட்பார் தாத்தா.

மூன்று பேர் சொல்லுவதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நான் இன்று ஆடுகிறவன் பக்கம் பேசப்போகிறேன். எல்லா ஆட்டத்துக்காகவும் அல்ல. ஒரு வகை ஆட்டத்துக்காக மட்டும்.

பதுங்கும் ஆட்டம்

வீடியோ விளையாட்டு என்றதும் "டுமீல், டுமீல்" என்று சுடுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. அதில் வேறு ஒரு ரகம் உண்டு. காவல்காரன் கண்ணில் படாமல் உள்ளே போகவேண்டும். வந்த காரியத்தை முடிக்கவேண்டும். சத்தம் இல்லாமல் வெளியே வரவேண்டும்.

இந்த ரகத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஆட்டங்களில் ஒன்று "மெட்டல் கியர்". 1987-ம் ஆண்டு ஜப்பானில் வந்தது. அதை அமைத்தவர் ஹிதேயோ கொஜிமா. போர் ஆட்டம் ஒன்று செய்யவேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட வேலை. அந்தக் காலத்து கம்ப்யூட்டருக்கு அவ்வளவு வலு இல்லை. நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் ஒரே சமயத்தில் திரையில் காட்ட அதனால் முடியவில்லை. சண்டை போட வசதி இல்லை என்றால் ஒளிந்து போகட்டும் என்று கதாநாயகனைப் பதுங்க விட்டுவிட்டார். பற்றாக்குறையில் பிறந்த யோசனை!

நான் சொல்ல வந்த ஆட்டம் அதற்கு வெகு காலம் பின்னால் வந்தது. பெயர் "டிஸ்ஆனர்டு". மானம் பறிக்கப்பட்டவன் என்று அர்த்தம். பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்தில் தொடங்கிய ஆர்கேன் என்ற கம்பெனியார் செய்தது. 2012-ம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது.

இது பெரியவர்களுக்கான ஆட்டம். ஐரோப்பாவில் 18 வயது ஆனவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை கையில் இதைக் கண்டால் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். அந்த விஷயத்தில் நான் அம்மா கட்சி.

மகாராணி கொலை

கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். டன்வால் என்ற ஒரு கற்பனை நகரம். எலிகளால் அங்கே கொள்ளை நோய் பரவுகிறது. நாட்டை ஆளுகிறவள் ஒரு மகாராணி. அவளுடைய மெய்க்காவலன் கார்வோ.

அவன் கண் எதிரே மகாராணியைக் கொன்றுவிடுகிறார்கள். அவளுடைய சிறுமி எமிலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பழி கார்வோ தலையில் விழுகிறது! ஜெயில், சித்திரவதை, மறுநாள் மரண தண்டனை. அவன் தப்புகிறான். சதி செய்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறான்.

இதுவரை நம் சினிமாவில் பார்த்த கதைதான். ஆனால் அந்த ஒவ்வொருவரையும் என்ன செய்வது என்பது ஆடுகிறவன் கையில் விடப்பட்டிருக்கிறது.

வாசல் வழியாகக் கத்தியோடு போகலாம். கூரை மேல் ஏறிப் போகலாம். சாக்கடை வழியாகவும் போகலாம். எதிரியைக் கொல்லலாம். கொல்லாமலே அவன் ஆட்டத்தை முடிக்கவும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வழி உண்டு.

உதாரணமாக, ஆட்சியைப் பிடித்துக்கொண்ட ராஜப் பிரதிநிதி இருக்கிறான். கொள்ளை நோயை ஊருக்குள் கொண்டுவந்ததே அவன்தான். தன் குற்றங்களைத் தானே பேசிப் பதிவு செய்து, பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான். அதை எடுத்து ஊர் முழுவதும் கேட்கும் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டால் போதும். அவனுடைய காவல்காரர்களே அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை!

படகோட்டியின் கோபம்

கடலூரில் இருக்கும் என் அக்காவின் மகன் சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கிறான். காலையில் ரயில், மாலையில் ரயில், ராத்திரியில் இந்த ஆட்டம்.

முதல் தடவை ஆடியபோது அவன் எதையும் யோசிக்கவில்லை. கதவு திறந்தால் கத்தி. காலடிச் சத்தம் கேட்டால் துப்பாக்கி. எதிரே வந்தவர்களை எல்லாம் தீர்த்துக்கொண்டே போனான்.

ஆட்டமோ கணக்கு வைத்துக்கொண்டே வந்தது. எத்தனை பேரைக் கொன்றாய், எத்தனை தடவை கண்ணில் பட்டாய் என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பட்டியல் வரும். கணக்கு ஏற ஏற நகரத்தில் எலிகள் பெருகின. நோயாளிகள் பெருகினார்கள். மீட்டுக் கொண்டுவந்த சிறுமி எமிலி வரைகிற படங்கள்கூட இருண்டு போயின. அவள் பேச்சிலும் குரூரம் ஏறியது.

ஆட்டம் முழுவதும் கார்வோவைப் படகில் ஏற்றிப்போகிறவன் சாமுவேல் என்ற கிழவன். கடைசிக் கட்டத்தில், "நீ செய்தது எனக்குப் பிடிக்கவில்லை" என்ற மாதிரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அதோடு விட்டானா? காவல்காரர்கள் விழித்துக்கொள்ளும்படி துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டுவிட்டுப் போய்விட்டான்!

"ஜெயிச்சுட்டேன் மாமா. ஆனா அந்தக் கிழவன் என்னை அப்படிச் சொல்லிட்டான்" என்றான் என் மருமகன். முகம் தொங்கிப்போயிருந்தது. அடுத்த வாரமே முதலில் இருந்து தொடங்கினான். இந்தத் தடவை ஒருவரையும் கொல்லக்கூடாது என்று ஒரு விரதம்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. "முடிஞ்சதையே மறுபடி என்னடா?" என்று அதட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

முதல் தடவை அவன் பயந்து குத்தினான். கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. யோசிக்க நேரமும் கிடையாது. இரண்டாவது தடவை எல்லாம் தெரியும். எந்தக் காவல்காரன் எப்போது திரும்புவான், எந்த ஜன்னல் திறந்திருக்கும் என்பது மனப்பாடம். பயம் போய்விட்டது. ஆகையால், இப்போது குத்தினால் அது அவன் மனம் அறிந்து செய்வது. பயத்தின் மேல் பழி போட முடியாது.

இந்தக் கேள்வி முதல் ஆட்டத்தில் ஒருவனுக்கு வரவே வராது. அதனால்தான் இரண்டாவது ஆட்டம் வேண்டும் என்கிறேன்.

கார்வோவிடம் ஒரு விசித்திரமான பொருள் இருக்கிறது. துடிக்கிற ஓர் இதயம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு காவல்காரனைக் காட்டினால், அவனைப் பற்றிய ரகசியம் ஒன்றை மெல்லச் சொல்லும். முதல் தடவை என் மருமகன் அதைத் தொடவே இல்லை. குத்தப்போகிறவனுக்கு ஊர்க் கதை எதற்கு? இரண்டாவது தடவை நின்று நின்று கேட்டான். ஒருவன் நல்லவனாக இருந்தான். ஒருவன் மகா பாவியாக இருந்தான். பாவியையும் மயக்கம் போடவைத்து ஓரமாகப் படுக்கவைத்துவிட்டுப் போனான். எனக்கே கை துறுதுறுத்தது. அவன் அசையவில்லை!

அவனே இன்னொரு சட்டமும் போட்டுக்கொண்டான். காவல்காரன் கண்ணில் பட்டுவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் அழித்து எழுதக்கூடாது. பட்டது பட்டதுதான். அழித்து அழித்து எழுதுகிற ஆட்டத்தில் எனக்கும் மதிப்பு இல்லை.

நம் ஊர்க் கதைகள்

ஒரே வாசலுக்குப் பல வழி என்பது கடலூர், சிதம்பரம்காரர்களுக்குப் புதிய சங்கதி அல்ல.

1746-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே கும்பினியில் எழுத்தர் வேலை பார்த்த ஒரு வாலிபர் சிக்கிக்கொண்டார். அவர்தான் ராபர்ட் கிளைவ். வயது ஏறக்குறைய 21. அவரும் சில தோழர்களும் நம் நாட்டவர் போல மாறுவேஷம் போட்டுக்கொண்டு நழுவினார்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். நடுவிலே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி! கிளைவை நான் புகழவில்லை. பின்னால் அவர் நம் நாட்டுக்குச் செய்தது எல்லோருக்கும் தெரியும். வேஷத்தை மட்டும் சொல்லுகிறேன்.

நேரே மோதின கதை சிதம்பரத்தில் நடந்தது. 1781-ம் ஆண்டு ஜூன் மாதம். ஹைதர் அலியின் வீரர்கள் சிதம்பரம் கோவிலையே கோட்டை ஆக்கிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் படையோடு வந்து மோதினார். உள்ளே இருந்தவர்கள் அவரை அடித்துத் திருப்பிவிட்டார்கள். கூட் பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார். ஜூலை 1-ந் தேதி அங்கே வெட்டவெளியில் ஹைதரோடு போர் நடந்தது. அதில் கூட் ஜெயித்தார்.

ஆனால் கூட்டுக்குச் சிதம்பரத்தின் அந்த ஜூன் மாதம் திரும்பக் கிடைக்கவில்லை. வேஷம் போட்டுப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. செத்த சிப்பாய்களும் எழுந்து வரவில்லை. ஆட்டத்தில் மட்டும்தான் அதே வாசலுக்கு அதே ராத்திரியில் மறுபடியும் போகலாம்.

நம் பாட்டிமார்கள் தரையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிப் பக்கம் ஆடி ஜெயித்தவள் அதோடு எழுந்துவிடமாட்டாள். "இப்போ ஆட்டை என்கிட்டே கொடு" என்பாள். அதை யாரும் வேலை அற்ற வேலை என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. தாயம் என்றால் மட்டும் திட்டு விழும்!

குறையும் உண்டு

இந்த ஆட்டத்தில் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்கவேண்டாம். கொல்லாமல் ஆடு என்று சொல்லுகிறது. ஆனால் கொடுக்கிற சாமான்களைப் பாருங்கள்! கத்தி, துப்பாக்கி, வெடி, எலிக் கூட்டத்தை ஏவிவிடுகிற மந்திரம், எல்லாம் கொலைகாரனுக்கு. கொல்லாதவனுக்கு மயக்க அம்பும், பின்னால் இருந்து கழுத்தைப் பிடிப்பதும்தான். விருந்துக்கு அழைத்துவிட்டு மோர் சாதம் போட்ட மாதிரி. 2016-ம் ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் இதை ஓரளவு சரி செய்திருக்கிறார்கள். அதில் எமிலி வளர்ந்து பெரியவளாகி வருகிறாள். அவளாகவும் ஆடலாம், கார்வோவாகவும் ஆடலாம். மந்திரமே வேண்டாம் என்று மறுத்துவிட்டும் ஆடலாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. முதல் பாகத்தில் ஒரு பெரிய வீட்டில் முகமூடி விருந்து நடக்கிறது. அந்த வீட்டுக்காரிகள் மூன்று சகோதரிகள். பாயில் சீமாட்டிகள். மூவரில் ஒருத்திதான் கெட்ட ஆட்சிக்குப் பணம் கொடுக்கிறவள். எவள் என்பது ஒவ்வொரு தடவை ஆடும்போதும் மாறும்! விருந்தில் புகுந்து பேச்சுக் கொடுத்துக் கண்டுபிடிக்கவேண்டும். அற்புதமான கட்டம். வாசலில் இருக்கும் விருந்தினர் புத்தகத்தில் கார்வோ தன் சொந்தப் பெயரையே எழுதிவிட்டு உள்ளே போகலாம். அந்தத் துணிச்சலைக் கண்டு சிரித்துவிட்டேன்.

அவளைக் கொல்லவேண்டும். கொல்லவேண்டாம் என்றால்? விருந்தில் ஒரு பணக்காரன் காத்திருக்கிறான். அவளை நேசிப்பதாகச் சொல்லுகிறான். மயக்கம் போடவைத்துத் தன்னிடம் கொடுத்துவிட்டால், படகில் ஏற்றி யாரும் காணமுடியாத இடத்துக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொல்லுகிறான். கொடுத்துவிட்டால் கணக்குப் புத்தகத்தில் கொலை பூஜ்யம். ஆட்டம் "சபாஷ்" போடுகிறது.

இது சபாஷ் போடுகிற காரியமா? ஒரு பெண்ணைத் தூக்கி, ஆயுள் முழுக்க ஒருவன் வீட்டில் அடைத்துவைக்கக் கொடுப்பதற்குப் பெயர் கருணையா? ரத்தம் சிந்தவில்லை என்பதற்காக அது நல்ல வழி ஆகிவிடாது. ஆட்டத்தை அமைத்தவர்கள் இந்த இடத்தில் தவறிவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது தடவை என் மருமகன் அவளைக் கொடுத்துவிட்டான். விரதம் முக்கியம் என்று இருந்துவிட்டான். ஆட்டம் நல்லபடியாக முடிந்தது. எமிலி நல்ல ராணி ஆனாள். நோய் தீர்ந்தது. படகோட்டிக் கிழவனும் மரியாதையாகப் பேசினான். ஆனால் அந்த விருந்து அவன் மனதை விட்டுப் போகவில்லை. மூன்றாவது தடவை தொடங்கியிருக்கிறான்!

இந்தத் தடவை அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதையைச் சொன்னான். ஆட்டத்தை நிறுத்து என்று தினமும் அதட்டுகிற அக்கா, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

"அந்தப் பொம்பளைகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களாடா?" என்றாள்.

"அப்படிக் கேக்க ஆட்டத்துல வழி இல்லம்மா" என்றான் அவன்.

"அப்போ அவளைக் கொன்னுடு. அது தேவலை" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "வேண்டாம், இரு. எனக்கும் தெரியலை" என்றாள்.

அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறான். அடுத்த வாரம் அவனுக்குப் பரீட்சை. அது முடிந்த பிறகுதான் தொடுவானாம்.