படகில் ரேடியோ செட் பூட்டும்போது



வாழைச்சேனை, சாய்ந்தமருது, கல்முனை, கிண்ணியா, பேருவளை என்று நமது கரையோர ஊர்களில் கடலை நம்பி அடுப்பெரியும் வீடுகள் அநேகம். வாப்பாவோ கணவரோ மகனோ ஆழ்கடல் படகில் ஏறினால் வாரக் கணக்கில் திரும்புவதில்லை. கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதுமே கைத்தொலைபேசி ஊமையாகிவிடும். அதன் பிறகு பெரும்பாலான படகுகளுக்கு ரேடியோ செட்தான் வாயும் காதும். 2013 ஜூன் மாதம் தென், மேற்குக் கடலில் வீசிய கடுங்காற்றில் மீனவர் பலர் உயிரிழந்தது நினைவிருக்கும். காற்று வருகிறது என்ற செய்தி படகுக்குப் போய்ச் சேரவும், படகின் அபயக் குரல் கரைக்கு வரவும் அந்தச் செட் வேலை செய்தாக வேண்டும்.

செட் வாங்கப் பணம் புரட்டியதில் உங்கள் பங்கும் இருந்திருக்கும். சில வீடுகளில் கைக்காப்பு அடகுக்குப் போயிருக்கும். ஆனால் அதைப் படகில் எப்படிப் பூட்டினார்கள் என்று நாம் கேட்பதில்லை. அது ஆண்களின் வேலை என்று இருந்துவிடுகிறோம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செட்டும் பிழையாகப் பூட்டினால் தேவையான வேளையில் பேசாது. சில நேரம் படகில் தீயையும் மூட்டிவிடும். கேட்கத் தெரிந்திருப்பது நல்லது.

பற்றரியும் வயரும்

படகுகளில் பெரும்பாலும் காணப்படும் வீ.எச்.எப். செட் 12 வோல்ட்டில் இயங்குவது. படகில் 24 வோல்ட் இருந்தால் அதை நேரே கொடுக்கக் கூடாது, செட் கருகிவிடும். வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் கருவி ஒன்று இடையில் வேண்டும்.

இந்தச் செட் மற்றவர் பேசுவதைக் கேட்கும்போது மிகக் கொஞ்சமாகவே மின்சாரம் எடுக்கும். பேசுவதற்குப் பொத்தானை அழுத்தி 25 வாட் வலுவில் அனுப்பும்போது 5, 6 அம்பியர் வரை இழுக்கும். வயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். "அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது, நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை" என்ற முறைப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். உப்புக் காற்றில் சாதாரண செம்பு வயர் களிம்பு பிடிக்கும். கடலுக்கென்று ஈயப் பூச்சுப் பூசிய வயர் உண்டு. அதையே போட வேண்டும்.

பியூஸ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பற்றரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். செட்டின் அருகில் மட்டும் இருந்தால், பற்றரியிலிருந்து அதுவரை ஓடும் வயருக்குக் காவல் இல்லை. அலையில் ஆடி ஆடி அந்த வயரின் தோல் உரிந்து எங்காவது முட்டினால், அது பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். நடுக்கடலில் தீப்பிடித்த படகிலிருந்து ஓட இடமில்லை. எரிந்த பியூஸுக்குப் பதிலாகக் கம்பித் துண்டோ சிகரட் பெட்டித் தாளோ சுற்றுவதும் இதே ஆபத்துத்தான். நாலைந்து புதிய பியூஸ்களைப் போத்தலில் போட்டு மூடிக் கொடுத்தனுப்புங்கள்.

பற்றரி படகின் அடித்தட்டில் கிடந்தால், படகுக்குள் தண்ணீர் ஏறும்போது முதலில் மூழ்குவது அதுதான். உதவி கேட்க வேண்டிய அந்த வேளையில் செட் செத்துப் போகும். ஆகவே செட்டுக்கான பற்றரி உயரமான இடத்தில், அசையாமல் கட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது பற்றரியிலிருந்து எளிதில் வெடிக்கும் வாயு வரும். பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரட் கூடாது.

இன்னொன்று, செட்டின் ஸ்பீக்கருக்குள் காந்தம் உண்டு. திசைகாட்டியிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளிப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் செட் நன்றாகப் பேசும். திசைகாட்டி பொய் சொல்லும்.

ஏரியல்

வீ.எச்.எப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டையாக இருப்பதால் தூரம் போனதும் கடலின் வளைவு மறைத்துவிடும். ஏரியல் 4 மீற்றர் உயரத்தில் இருந்தால் சுமார் 8 கிலோமீற்றர், 9 மீற்றர் உயரத்தில் இருந்தால் சுமார் 12 கிலோமீற்றர். கேட்பவரின் ஏரியலுக்குரிய தூரத்தையும் இதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். எனவே வலுக் கூடிய செட்டைத் தேடுவதைவிட ஏரியலை உயர்த்துவதே பலன் தரும். அதற்கு அப்பால் ஆழ்கடலில் பேச எச்.எப். செட் வேண்டும். அதன் அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவதால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போகும். ஆனால் பேசும்போது அதன் ஏரியலில் கை பட்டால் தோல் வெந்துவிடும். ஆட்கள் நடமாடும் இடத்தில் அதைக் கட்டக் கூடாது.

ஏரியல் கேபிளின் மூட்டு வழியே தண்ணீர் இறங்கினால் கேபிளே பழுதாகும். இழுத்துச் சுற்றும் இறப்பர் டேப்பால் மூட்டை மூட வேண்டும். கேபிள் கெபினுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். ஏரியலைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசும் பொத்தானை அழுத்தக் கூடாது. செட்டின் உள்ளுறுப்புகள் எரிந்து போகலாம்.

உயிராபத்து கரையிலும் உண்டு. படகைக் கரையேற்றி வைத்து ஏரியலை நிமிர்த்தும்போது மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்க வேண்டும். ஏரியல் மின்கம்பியில் முட்டினால் பிடித்திருப்பவர் தப்புவது அரிது. கடலில் இடி மின்னல் வேளையில் ஏரியலையும் அதன் கேபிளையும் தொடாமல் இருக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

செட் பூட்டி முடிந்ததும் துறைமுகத்துக்குள் நிற்கும் பக்கத்துப் படகோடு பேசிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். பக்கத்துப் படகுக்குப் பழுதான ஏரியலிலும் கேட்கும். தூரத்தில் நிற்கும் படகொன்றைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செட்டுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பிறகு ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் இவற்றை எழுதுங்கள்: வீ.எச்.எப். அபாய அழைப்புக்கு 16ஆம் சனல். "மேடே" என்று மூன்று முறை. படகின் பெயரும் இலக்கமும். நிற்கும் இடம். என்ன நடந்தது. படகில் எத்தனை பேர். பேசி முடிந்ததும் பொத்தானை விட்டுவிட்டுப் பதிலைக் கேட்க வேண்டும். அழுத்தியபடியே இருந்தால் பதில் கேட்காது, மற்றவர்களின் பேச்சும் தடைப்படும். காகிதத்தைப் பொலித்தீன் உறையில் இட்டு செட்டின் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பதற்றத்தில் மூத்த மீனவருக்கும் வார்த்தை வராமல் போகலாம். புதிதாய்ப் படகேறிய பையனும் அதைப் பார்த்து வாசிக்கலாம்.

அதன் பிரதியொன்றை வீட்டில் வையுங்கள். படகின் இலக்கம், ஆட்களின் எண்ணிக்கை, பேசும் அலைவரிசை, திரும்பும் நாள் ஆகியவையும் அதில் இருக்கட்டும். படகு பிந்தினால், தேடுவோர் முதலில் உங்களிடம் கேட்பது அவற்றைத்தான்.